சுவர் விழத் தொடங்குவது காலடியில்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த வாரம் உங்கள் நாளிதழின் முதல் பக்கத்தில், இடிந்து சரிந்து கிடந்த கடல் தடுப்புச் சுவரின் படம் வந்திருந்தது. மேலே ‘சுவரை விழுங்கிய ராட்சத அலை’ என்று பெரிய எழுத்தில் தலைப்பு. செய்தியில் சுவரின் நீளம், உயரம், கட்டிய ஆண்டு, ஆன செலவு எல்லாம் இருந்தன. சுவரை இன்னும் ஒரு மீட்டர் உயர்த்தப் போவதாக ஓர் அதிகாரி சொன்னதும் இருந்தது. சுவருக்கு முன்னால் கடல் எவ்வளவு ஆழம் என்பது மட்டும் எங்கேயும் இல்லை. அந்த ஓர் எண்ணைத் தேடித்தான் செய்தியை இரண்டு முறை படித்தேன்.

நான் அலைத்தொட்டி ஆய்வகம் ஒன்றில் 29 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பொறியியல் பட்டம் படித்ததில்லை. ஆய்வக உதவியாளராகச் சேர்ந்தேன். கல் எடுத்து வைக்கும் வேலை, பெயிண்ட் அடிக்கும் வேலை, பிறகு அளவெடுக்கும் வேலை, கடைசிப் பத்து ஆண்டுகள் சோதனையை நடத்தும் வேலை. எத்தனையோ சுவர்களும் அலைதடுப்புகளும் என் கண் முன்னால் தண்ணீருக்குள் சரிந்திருக்கின்றன. அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் தொட்டி 60 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம். ஒரு கோடியில் மோட்டாரால் முன்னும் பின்னும் ஆடும் இரும்புப் பலகை. அலையை எழுப்புவது அதுதான். மறு கோடியில் நாங்கள் கட்டிய மாதிரிச் சுவர் இருக்கும். பக்கவாட்டில் கண்ணாடி. கடலில் உள்ளதை 36-இல் ஒரு பங்காகச் சுருக்கிக் கட்டினால், 6 மீட்டர் அலை தொட்டியில் 17 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும். நேரம் 6-இல் ஒரு பங்காகச் சுருங்கும்; கடலில் 3 மணி நேரப் புயல் எங்களுக்கு அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். எடைதான் மிகக் கடுமையாகச் சுருங்கும். 10 டன் பாறாங்கல்லுக்குப் பதிலாக நாங்கள் வைக்கும் கல் 214 கிராம். உள்ளங்கையில் அடங்கிவிடும். அப்படிப்பட்ட கற்களை ஒவ்வொன்றாகத் தராசில் நிறுத்து, எடைவாரியாகப் பிரித்து, மேல் வரிசைக்குச் சிவப்பு, நடு வரிசைக்கு மஞ்சள், அடி வரிசைக்குப் பச்சை என்று வண்ணம் பூசுவதுதான் என் முதல் இரண்டு ஆண்டு வேலை. வண்ணம் எதற்கு என்றால், சோதனை முடிந்து தண்ணீர் வடிந்ததும் எந்தக் கல் எங்கிருந்து எங்கே போனது என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். மஞ்சள் பட்டைக்குள் ஒரு பச்சைக் கல் கிடந்தால் அது அடியிலிருந்து பெயர்ந்து வந்தது.

சோதனைக்கு வந்து பார்ப்பவர்கள் எல்லோரும் சுவரின் உச்சியைத்தான் பார்ப்பார்கள். அலை அறைந்து தண்ணீர் மேலே சிதறும்போது ‘ஆகா’ என்பார்கள். எங்கள் ஆய்வகத் தலைவர் மட்டும் கண்ணாடிப் பக்கம் குந்தி உட்கார்ந்து, தண்ணீருக்கு அடியில், சுவர் மணலைத் தொடும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். “மேலே சத்தம், கீழே வேலை” என்பார். சேர்ந்த புதிதில் எனக்கு அது புரியவில்லை. அலை வந்து மோதி மேலே ஏறிவிட்டு இறங்கும் அந்த இரண்டு மூன்று விநாடியில், தண்ணீர் சுவரின் அடியோடு வேகமாகப் பின்வாங்கும். அப்போது மணல் புகைபோல எழுந்து கடல் பக்கம் போகும். அடுத்த அலையும் அதையே செய்யும். ஐந்நூறு அலைக்குப் பிறகு பார்த்தால் அடிவரிசைக் கற்களுக்கு முன்னால் ஒரு பள்ளம் விழுந்திருக்கும். ஒரு பச்சைக் கல் அந்தப் பள்ளத்துக்குள் மெல்லச் சாயும். அதற்கு மேலே இருக்கும் மஞ்சள் கல்லுக்கு இனி முட்டு இல்லை. அப்புறம் சிவப்புக் கல். மேலே இருந்து பார்ப்பவருக்குச் சுவர் திடீரென்று சரிந்ததுபோலத்தான் இருக்கும்.

அந்தப் பள்ளம் அவ்வளவு முக்கியமா என்று கேட்கலாம். ஆம், அதை வைத்துத்தான் இந்தக் கடிதமே.

கரைக்கு அருகே ஓர் அலை எவ்வளவு உயரமாக வர முடியும் என்பதைக் காற்று மட்டும் தீர்மானிப்பதில்லை. தண்ணீரின் ஆழமும் தீர்மானிக்கிறது. ஆழத்தில் ஏறக்குறைய 78 சதவீத உயரத்தை எட்டியதும் அலை தலைகுப்புற உடைந்துவிடும். இது தோராயக் கணக்குதான், தரையின் சரிவைப் பொறுத்துக் கூடும் குறையும். ஆனாலும் கடலோரக் கட்டுமானத்தில் எல்லோரும் முதலில் போட்டுப் பார்க்கும் கணக்கு இது. சுவருக்கு முன்னால் 3 மீட்டர் ஆழம் இருந்தால், நடுக்கடலில் எவ்வளவு பெரிய புயல் அடித்தாலும் சுவரை வந்து தாக்கும் அலை 2.3 மீட்டரைச் சுற்றித்தான் இருக்கும். அதைவிடப் பெரிய அலைகள் வழியிலேயே உடைந்து பலம் இழந்துவிடும். அதாவது, ஆழமற்ற கடல்தரைதான் சுவரின் முதல் காவல்.

அந்தத் தரை ஒரு மீட்டர் கீழே போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆழம் 4 மீட்டர். இப்போது 3.1 மீட்டர் அலை சுவர் வரை வரும். முக்கால் மீட்டர்தானே கூடியிருக்கிறது என்று தோன்றும். ஆனால் அலையின் ஆற்றல் உயரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அலையை எதிர்த்து இடத்தில் நிற்க ஒரு கல்லுக்கு வேண்டிய எடை உயரத்தின் கனத்தை, அதாவது மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது. ஸ்பெயின் நாட்டுப் பொறியாளர் இரிபாரன் 1938-இல் இந்த உறவை எழுதினார். அமெரிக்க ஆய்வாளர் ஹட்சன் தொட்டிச் சோதனைகளின் துணையோடு 1959-இல் அதைச் செம்மைப்படுத்தி வெளியிட்டார். அலை உயரம் இரண்டு மடங்கானால் கல்லின் எடை எட்டு மடங்காக வேண்டும். நம் கணக்கில் அலை மூன்றில் ஒரு பங்கு கூடியிருக்கிறது. கல்லின் எடை 2.4 மடங்கு ஆக வேண்டும். 2 டன் கல் போதும் என்று கட்டிய சுவருக்கு இப்போது நாலே முக்கால் டன் கல் தேவை. சுவரில் ஒரு கல்லும் மாறவில்லை, வானத்தில் ஒரு மாற்றமும் இல்லை, புயலும் பழைய புயல்தான். தரை மட்டும் ஒரு மீட்டர் இறங்கியது. நேற்று வரை பலமாக இருந்த சுவர் இன்று பலவீனமான சுவர்.

தரை ஏன் இறங்குகிறது? பல நேரம் சுவரே அதற்குக் காரணம். சரிவான மணற்கரையில் அலை உருண்டு, உடைந்து, களைத்துப்போய்த் திரும்பும். செங்குத்துச் சுவரில் அலை மோதினால் அந்த ஆற்றல் அப்படியே திரும்பிக் கடலுக்குப் போகும். வரும் அலையும் திரும்பும் அலையும் சேர்ந்து சுவருக்கு முன்னால் நீர் ஏறக்குறைய இரு மடங்கு உயரத்துக்குத் தாவும். அந்தக் குதிப்பு அடியில் மணலைக் கிளறிக்கொண்டே இருக்கும். இப்படி விழும் பள்ளம், அந்த இடத்துக்கு வரக்கூடிய அலையின் உயரத்துக்குச் சமமான ஆழம் வரை போகலாம் என்பது தொழிலில் உள்ள கைக்கணக்கு. 2.3 மீட்டர் அலைக்கு 2.3 மீட்டர் பள்ளம்! இதோடு, கரையோரமாக நகர்ந்து வரும் மணலை வேறு எங்கோ கட்டிய அலைதடுப்பு மறித்துவிட்டால், போன மணலை நிரப்ப வருவதற்கு மணல் இருக்காது. கடல்மட்டம் உயர்ந்தாலும் இதே கதைதான்: மேலே தண்ணீர் ஏறினாலும் கீழே மணல் இறங்கினாலும் அலைக்குக் கிடைப்பது ஆழம்.

ஆகவே, இடிந்த சுவரை ஒரு மீட்டர் உயர்த்துகிறோம் என்ற அறிவிப்பைப் படித்தபோது எனக்குப் பதறியது. உயர்த்துவதால் எடை கூடும். மோதும் பரப்பு கூடும். திரும்பிப் போகும் அலையும் கூடும். அடியில் இருக்கும் பள்ளம் அப்படியே இருக்கும்.

என் வேலைக்காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எந்த இடம், எந்த அமைப்பு என்று சொல்லப்போவதில்லை. ஒரு தடுப்புச் சுவருக்கான வரைபடம் சோதனைக்கு வந்தது. அதில் அடிப்பகுதியில் கடலை நோக்கி நீண்ட ஒரு கல் மெத்தை இருந்தது. பள்ளம் விழுந்தால் அந்தக் கற்கள் தாமாகவே பள்ளத்துக்குள் சரிந்து அதை மூடிக்கொள்ளும், அதற்காகத்தான் அது. முதல் சோதனையில் சுவர் நன்றாக நின்றது. இரண்டு மாதம் கழித்துத் திருத்திய வரைபடம் வந்தது. மெத்தையின் அகலத்தைப் பாதிக்கும் கீழே குறைத்திருந்தார்கள். தண்ணீருக்கு அடியில் கல் போடுவது செலவு, போட்டதை யாரும் பார்க்கவும் முடியாது. மறுபடி ஓட்டினோம். எழுநூறாவது அலைக்குள் பச்சைக் கற்கள் வெளியே கிடந்தன. அறிக்கையில் அதைத் தெளிவாக எழுதினோம். பிறகு நாங்கள் கேள்விப்பட்டது, சுருக்கப்பட்ட மெத்தையோடுதான் சுவர் கட்டப்பட்டது என்று. நான்காவது ஆண்டு அது விழுந்தது. அன்றும் செய்தியில் ராட்சத அலை என்றுதான் வந்தது. நான் அந்தச் செய்தியைக் கத்தரித்து வைத்திருக்கிறேன். நாங்கள் எடுத்த சோதனைப் படமும் அந்தச் செய்திப் படமும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், அளவு மட்டும்தான் வேறு.

ராட்சத அலை என்ற ஒன்று கடலில் உண்டு, அதை மறுக்கவில்லை. 1995 ஜனவரி 1 அன்று வடகடலில் நார்வேயின் டிராப்னர் எரிவாயு மேடையில், கீழ்நோக்கிப் பார்க்கும் லேசர் கருவி ஒன்று 25.6 மீட்டர் உயர அலையைப் பதிவு செய்தது. அப்போது அங்கே கடலின் ‘சிறப்பு அலை உயரம்’ ஏறக்குறைய 12 மீட்டர். மாலுமிகள் காலங்காலமாகச் சொல்லிவந்ததைக் கருவி உறுதிப்படுத்திய நாள் அது. அந்த மேடைக்கு என்ன ஆயிற்று? அடிப்பக்கத்தில் சிறு சேதம், அவ்வளவுதான். மேடை நின்றது. அதாவது உண்மையான ராட்சத அலையையே ஒழுங்காகக் கணக்குப் போட்டுக் கட்டிய ஒன்று தாங்கியிருக்கிறது.

‘சிறப்பு அலை உயரம்’ என்ற சொல் வானிலை அறிவிப்பில் அடிக்கடி வரும். உங்கள் நாளிதழிலும் வருகிறது. அதன் பொருள் பல வாசகர்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். அலைகளை உயரவாரியாக வரிசைப்படுத்தி, அதில் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி அது. ஆகவே ‘அலை 4 மீட்டர் உயரம் எழும்’ என்று அறிவித்தால் 4 மீட்டருக்கு மேல் வராது என்று அர்த்தம் கிடையாது. 3 மணி நேரத்தில் ஆயிரம் அலை வருமானால் அதில் ஒன்று ஏறக்குறைய 1.9 மடங்கு, அதாவது ஏழரை மீட்டர் வரை இருக்கும் என்பது சாதாரண எதிர்பார்ப்பு. அது இயற்கைச் சீற்றமும் இல்லை, எதிர்பாராததும் இல்லை, கணக்கிலேயே இருக்கிறது. செய்தியில் ‘வழக்கத்தை விட இரு மடங்கு உயர அலை’ என்று ஒருவர் சொன்னதைப் போட்டிருந்தீர்கள். ஒவ்வொரு புயலிலும் ஒரு சில அலைகள் அப்படித்தான் இருக்கும்.

இதைப் போலவே தவறாகப் புரிந்துகொள்ளப்படும் இன்னொன்று ‘100 ஆண்டு அலை’. நூறு ஆண்டுக்கு ஒருமுறை வருவது, நம் காலத்தில் வராது என்று பலர் நினைக்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் அது வருவதற்கு நூற்றில் ஒரு வாய்ப்பு இருக்கிறது என்பதே அதன் பொருள். 50 ஆண்டு நிற்க வேண்டிய சுவர் தன் ஆயுளுக்குள் அந்த அலையைச் சந்திக்கும் வாய்ப்பு 39 சதவீதம். கட்டிய மறு ஆண்டே வந்தாலும் யாரையும் ஏமாற்றியதாக ஆகாது.

அளந்து பார்த்தவர்களும் தோற்றிருக்கிறார்கள். கலங்கரை விளக்கங்கள் கட்டிய ஸ்டீவன்சன் குடும்பத்தைச் சேர்ந்த தாமஸ் ஸ்டீவன்சன், 1840-களிலேயே அலையின் அடியை அளக்க ஸ்பிரிங் வைத்த ஒரு கருவியைச் செய்து பாறைகளில் பொருத்தினார். ஸ்காட்லாந்தின் ஸ்கெரிவோர் பாறையில் அது காட்டிய உச்ச அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 30 டன். அப்படி அளந்தவரின் கையில் உருவான, அதே ஸ்காட்லாந்தின் விக் துறைமுக அலைதடுப்பு 1872 டிசம்பர் புயலில் உடைந்தது. முனையில் 800 டன் கான்கிரீட் கட்டியை இரும்புக் கம்பிகளால் அடிக்கற்களோடு பிணைத்திருந்தார்கள். கம்பிகள் அறவில்லை. அடிக்கற்களையும் சேர்த்து 1,350 டன்னும் ஒரே துண்டாகப் பெயர்ந்து போயிற்று. 2,600 டன்னாகப் பெரிதாக்கி மறுபடி வைத்தார்கள். 1877-இல் அதுவும் போயிற்று. இதைப் படித்த நாளிலிருந்து, ‘பெரிதாகக் கட்டிவிட்டோம், இனிப் பயமில்லை’ என்று யார் சொன்னாலும் எனக்கு விக் ஞாபகம்தான் வரும்.

எங்கள் தொட்டிகளும் எல்லாவற்றையும் காட்டிவிடாது என்பதை நானே சொல்லிவிட வேண்டும். போர்ச்சுகலின் சினிஷ் துறைமுகத்தில் 1970-களில் மிக ஆழமான கடலில் பெரிய அலைதடுப்பு ஒன்று எழுந்தது. மேலே போர்த்தியது டோலோஸ் என்னும், கால்கள் முறுக்கிக்கொண்ட வடிவுடைய கான்கிரீட் கட்டிகள்; ஒவ்வொன்றும் 42 டன். 1978 பிப்ரவரியில், வடிவமைப்புக் கணக்கில் எடுத்துக்கொண்டதை விடச் சிறிய அலையிலேயே அவற்றில் பெரும்பகுதி சிதைந்துபோயிற்று. மாதிரியில் எல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கும். ஏனென்றால் எங்கள் மாதிரிக் கட்டிகள் உடையாது. எடையையும் வடிவத்தையும் சுருக்கலாம், கான்கிரீட்டின் உறுதியை அதே விகிதத்தில் சுருக்க முடிவதில்லை. கடலில் அந்தக் கட்டிகள் இடம் பெயராமல் இருந்த இடத்திலேயே ஆடி ஆடி ஒன்றோடொன்று இடித்துக் கால் ஒடிந்தன. அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இங்கே நகர்வதற்கு முன்பே உடைந்தது. அதற்குப் பிறகு நாங்கள் சோதனையில் பெயர்ந்த கற்களோடு நிறுத்தாமல், இருந்த இடத்தில் ஆடும் கட்டிகளையும் எண்ணத் தொடங்கினோம். கண் வலிக்கிற வேலை. ஒரு கட்டியை மட்டும் உற்றுப் பார்த்து நூறு அலை, அடுத்த கட்டியைப் பார்த்து நூறு அலை.

அதே செய்தியின் இரண்டாவது படத்தில், படகு அணையும் மேடையின் தளப்பலகைகள் இரண்டு கழன்று கிடந்தன. தூண்கள் நேராக நிற்கின்றன. இதைப் பற்றி யாரும் எதுவும் எழுதவில்லை, ஆனால் அந்தப் படம் நிறையச் சொல்கிறது. தண்ணீரில் நிற்கும் மெல்லிய தூணை அலை இரண்டு விதமாகத் தள்ளும். நீர் ஓடும் வேகத்தால் ஓர் இழுப்பு, நீர் வேகமெடுப்பதாலும் வேகம் குறைவதாலும் ஒரு தள்ளு. 1950-இல் மாரிசன் என்ற ஆய்வாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் இந்த இரண்டையும் கூட்டி ஒரு சமன்பாடு தந்தார்கள். கடலில் எண்ணெய் மேடைகளின் மெல்லிய கால்களுக்கு இன்றும் அதுதான். இந்தத் தள்ளு எல்லாம் நீர்மட்டத்துக்கு அருகேதான் அதிகம். ஆழ்கடலில் அலைநீளத்தில் பாதி ஆழத்துக்குப் போனால் நீரின் அசைவு மேலே இருப்பதில் 4 சதவீதம்தான். தூண் மெலிந்திருப்பதால் அலை அதைச் சுற்றிப் போய்விடும். தளம் அப்படி இல்லை. அகலமான தட்டையான பரப்பு. அலை முகடு அதன் அடியைத் தொட்டுவிட்டால் கீழிருந்து மேலே தூக்கும். தளங்களை வடிவமைக்கும்போது மேலிருந்து வரும் பாரத்தைத்தான் பெரிதாகப் பார்த்திருப்பார்கள். கீழிருந்து வரும் பாரத்துக்குப் பிணைப்பே இருக்காது. 2005-இல் கத்ரீனா புயலின்போது அமெரிக்காவின் வளைகுடாக் கரையில் பெரிய நெடுஞ்சாலைப் பாலங்கள் இப்படித்தான் குலைந்தன. புயலில் கடல்மட்டம் ஏறியது, அதன் மேல் அலை, விட்டங்களுக்கு இடையே சிக்கிய காற்று தளத்தைப் பாதி மிதக்கவைத்தது, தளங்கள் தூண்களை விட்டு வரிசையாகக் கழன்றன. திரும்பக் கட்டியபோது அலை எட்டாத உயரத்துக்குத் தளத்தைக் கொண்டுபோனார்கள். கடல் மேடைகளிலும் அதே விதிதான்: மிக உயரமான முகட்டுக்கும் தளத்தின் அடிக்கும் நடுவே இடைவெளி விட வேண்டும். உங்கள் செய்தியில் உள்ள மேடையில் தூண்களைப் பலப்படுத்தப் போகிறார்கள் என்று படித்தேன். தூணில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை.

பெரிய அலை வேண்டும் என்பதுகூட இல்லை. 10 விநாடிக்கு ஓர் அலை என்றால் ஓர் ஆண்டில் 31 லட்சம் அலை. எறும்பு ஊரக் கல்லும் தேயும். 1980 மார்ச் 27 அன்று வடகடலில் அலெக்சாண்டர் கீலாண்ட் என்ற மிதக்கும் மேடை கவிழ்ந்து 123 பேர் இறந்தார்கள். ஒரு கருவியைத் தாங்க ஒட்டிய சிறிய தகட்டின் 6 மில்லிமீட்டர் வெல்டிங்கில் இருந்த குறைதான் தொடக்கம். அங்கிருந்து விரிசல் அலைக்கு அலை சிறிது சிறிதாக வளர்ந்து, ஒரு குறுக்குக் குழாய் அறுந்து, பக்கத்துக் குழாய்கள் பாரம் தாங்காமல் முறிந்து, ஒரு கால் முழுதாகக் கழன்றது. அன்று அடித்த காற்று அந்த மேடைக்குத் தாங்க முடியாத புயல் ஒன்றும் இல்லை. இதைப் பேசும்போதெல்லாம் எங்கள் பழைய ஆய்வகத்தில் ஒரு நிமிடம் யாரும் பேச மாட்டோம்.

சரி, சுவருக்கே திரும்புகிறேன். சுவர் இடிவதற்கு முன் அடையாளம் காட்டும். அதை அங்கே தினமும் நடக்கிறவர்களால் பார்க்க முடியும். சுவருக்குப் பின்னால் நடைபாதை ஓரிடத்தில் மட்டும் உள்வாங்கினால், உள்ளே இருக்கும் மண் கற்களின் இடுக்கு வழியே கடலுக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். மண்ணுக்கும் கல்லுக்கும் நடுவே இருக்க வேண்டிய வடிகட்டி அடுக்கோ துணியோ கிழிந்திருக்கலாம், அல்லது போடாமலே விட்டிருக்கலாம். கடல் நீர் இறங்கியிருக்கும் வேளையில், முன்பு தெரியாத அடிக்கற்கள் இப்போது வெளியே தெரிந்தால் மணல் இறங்கியிருக்கிறது. அலை சுவரைத் தாண்டிப் பின்பக்கம் கொட்டுகிறது என்றால் பின்பக்க மண்ணும் போகும். 2014 பிப்ரவரியில் இங்கிலாந்தின் டாலிஷ் என்ற இடத்தில் கடல் சுவர் உடைந்து, பின்னால் இருந்த மண் வாரிப் போய், ரயில் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கிய படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். மறுபடி ரயில் ஓட இரண்டு மாதம் ஆயிற்று.

இன்னொன்று. உங்கள் படத்தில் இடிந்த சுவருக்குப் பத்தடி தள்ளி இளைஞர்கள் நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தாண்டிக் கொட்டும் நீர் ஒரு கன மீட்டர் என்றால் ஒரு டன்னுக்கு மேல் எடை. அது மழைபோலத் தூவாது, ஒரே கட்டியாக வரும். முதல் இருபது அலை ஒன்றும் செய்யாமல் விட்டிருக்கும். அந்த நம்பிக்கையில்தான் எல்லோரும் முன்னால் போகிறார்கள். ஆயிரத்தில் ஒன்றாக வரும் அந்த இரு மடங்கு அலை எத்தனையாவதாக வரும் என்று எந்தக் கருவியாலும் சொல்ல முடியாது. தயவுசெய்து அப்படிப்பட்ட படங்களைப் போடும்போது பக்கத்தில் ஓர் எச்சரிக்கையும் போடுங்கள்.

நான் கேட்பது அதிகம் இல்லை. கடல் தடுப்புச் சுவரோ அலைதடுப்போ எங்கே இருந்தாலும், புயல் காலத்துக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை, அதன் காலடியில் ஆழம் பார்க்க வேண்டும். ஒலியை அனுப்பி எதிரொலியை வைத்து ஆழம் காட்டும் ஒலிமானியைப் படகில் வைத்து அளக்கலாம். அது இல்லாவிட்டால் அமைதியான நாளில் கயிற்றில் ஈயக்குண்டு கட்டி இறக்கினால்கூட ஓர் எண் கிடைக்கும். கட்டிய நாளில் இருந்த ஆழத்தோடு அதை ஒப்பிட்டு வெளியிட வேண்டும். அரை மீட்டர் இறங்கியிருக்கும்போதே மணலோ கல்லோ போட்டுச் சரிசெய்தால் முடியும் வேலை அது. இடிந்த பிறகு முழுச் சுவரையும் கட்ட வேண்டும். கட்டும்போதே இந்த அளவெடுப்புக்கும் பராமரிப்புக்கும் தனியாகப் பணம் ஒதுக்காமல் எந்தச் சுவரையும் தொடங்கக் கூடாது என்பது என் கருத்து. இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

உங்கள் நிருபர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சுவரை உயர்த்துவதாக அறிவித்த அதிகாரியிடம் மறுபடி பேச வாய்ப்பு கிடைத்தால் மூன்று கேள்வி கேளுங்கள்: கட்டியபோது சுவருக்கு முன்னால் ஆழம் எவ்வளவு, இப்போது எவ்வளவு, கடைசியாக அளந்தது எந்தத் தேதி? பதில் எதுவாக இருந்தாலும், பதிலே வராவிட்டாலும், அதை அப்படியே அச்சிடுங்கள். அளவெடுத்த தாளைக் கொடுத்தால் அதைப் படித்துச் சொல்ல நான் தயார்.

இப்படிக்கு,
அலைத்தொட்டி ஆய்வகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற உங்கள் வாசகர்